சிவப்புக் கட்டத்தை மறைத்தவள்

அலுவலகத்தில் என் அக்காவுக்குச் சல்லடை என்று பெயர். யாரும் நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பிடிக்கவும் செய்தது. மற்றவர்கள் எழுதும் மென்பொருளை வெளியே அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் ஒருமுறை காட்டுவார்கள். அவள் சுழல்நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு, "இது ஒரு மழைக்குத் தாங்காது" என்பாள். எழுதியவரின் முகம் தொங்கிப்போகும். அவள் சொன்ன இடத்தில்தான் அது ஒழுகும்.

வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் இருவரும் ஒரு சின்னக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தோம். குழாய் சொட்டினாலோ, மேசைக்கால் ஆடினாலோ அவளுக்குச் சோறு இறங்காது. எதிர்வீட்டு அழைப்புமணி கரகரவென்று அடிப்பதைப் பொறுக்கமாட்டாமல், கூப்பிடாமலே திருப்புளியோடு போய் நின்றவள் அவள். "கெட்டுப்போனதைப் பாத்துக்கிட்டே எப்படிடி சும்மா உட்கார்றது?" என்பாள். அந்தக் குணத்தை நாங்கள் எல்லோரும் மெச்சினோம்.

அம்மா வேறு ஊரில் தனியாக இருந்தாள். தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டிலிருந்தபடியே மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பாள். விரல்கள் விசைப்பலகையில் ஓடுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். ஆனால் திரையில் எதிர்பாராத சின்னப் பெட்டி ஒன்று வந்து ஏதாவது கேட்டுவிட்டால் போதும், அடுப்பைத் தொட்டவள்போல் இரண்டு கையையும் தூக்கிவிடுவாள். உடனே அக்காவுக்குப் போன் வரும்.

"ஏதோ கேக்குதுடி."

"என்னம்மா கேக்குது?"

"படிச்சா பயமா இருக்கு. படிக்காமலே மூடிட்டேன்."

"சரி, இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. கம்ப்யூட்டரையே மூடிட்டேன்."

இப்படி வாரத்துக்கு ஒன்று நடக்கும். கடைசியில் அக்கா அம்மாவுக்காகவே ஒரு செயலி எழுதினாள். அதற்குப் 'பக்கத்துவீடு' என்று பெயர் வைத்தாள். அம்மாவின் திரையை இங்கிருந்தே பார்க்கலாம், அம்மாவின் சுட்டியை இங்கிருந்தே நகர்த்தலாம். ஆனால் உள்ளே போவதற்கு முன், "வரலாமா?" என்று அது கேட்கும். அம்மா 'வா' என்று அழுத்தினால்தான் திறக்கும். அக்கா உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் திரையைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் தெரியும். இந்த இரண்டிலும் அவள் கறாராக இருந்தாள். "மகளா இருந்தாலும் கதவைத் தட்டிட்டுத்தான் வரணும்" என்றாள்.

நன்றாக வேலை செய்ததும் அதை இணையத்தில் இலவசமாகப் போட்டாள். முன்பக்கத்தில் இரண்டே வரி: "என் அம்மாவுக்காக எழுதியது. கேட்காமல் உள்ளே வராது, மறைந்து நின்று பார்க்காது." யார் யாரோ எடுத்துப் பயன்படுத்தினார்கள். நன்றி சொல்லி எழுதினார்கள். சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தாள். அலுவலகம் விட்டு வந்ததும் டீயோடு அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் போடுவாள்.

அங்கேதான் அவன் வந்தான். தன் பெயரை 'ஒரு மகன்' என்று போட்டிருந்தான். மரியாதையாக எழுதினான். தன் அம்மாவும் தனியாக இருக்கிறார் என்றும், சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாலே பதறிவிடுகிறார் என்றும், அதை மறைக்க வழி உண்டா என்றும் கேட்டான்.

அக்காவுக்கு அது புதிய புகார் அல்ல. எங்கள் அம்மாவே, "திரையைச் சுத்தித் தீப்பிடிச்ச மாதிரி இருக்குடி" என்று புலம்பியிருக்கிறாள். ஒருநாள் யோசித்துவிட்டு, வேண்டுமென்றால் கட்டத்தை மறைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினாள். சில வாரம் கழித்து அவனே திரும்ப எழுதினான். 'வரலாமா?' என்று கேட்டால் அம்மா பயத்தில் 'வேண்டாம்' என்றே அழுத்திவிடுகிறார், கேட்காமலே உள்ளே போக முடியுமா? அக்கா அதையும் செய்து கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் நுணுக்கமாகக் கேட்டான். எந்த நிலையில் என்ன நடக்கிறது என்று வரிசையாக எழுதினான். மற்றவர்கள், "வேலை செய்யல, உதவுங்க" என்று ஒற்றை வரி போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்கள் நடுவில் இவன் அவளுக்குத் தங்கமாகத் தெரிந்தான். நன்றாகக் கேள்வி கேட்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று அவள் நம்பினாள். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு மயக்கம் உண்டு.

அவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. செயலியை மாற்றுவார்கள், அதன் விளக்கத்தை மாற்ற மாட்டார்கள். அது எப்போதும் 'அப்புறம்' என்ற மூட்டைக்குள் போய்விடும். அக்காவின் முன்பக்கம் அந்த இரண்டு வரியை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்காமல் உள்ளே வராது, மறைந்து நின்று பார்க்காது.

அம்மா எங்களோடு சில நாள் தங்க வந்திருந்தாள். ஒரு விடுமுறை நாள் மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு அந்த 'மகன்' கதை தெரியும். அதை வைத்து அக்காவைச் சீண்டுவாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ஒருத்தனைப் பெத்துட்ட. என்ன சொல்றான் உன் மகன்?"

"அவங்க அம்மா பெரிய கில்லாடிம்மா. செயலியையே அழிச்சிட்டாங்களாம். இவன் திரும்பப் போட்டிருக்கான், திரும்ப அழிச்சிருக்காங்க. மூணு தடவை! அழிச்சாலும் தானா வர்ற மாதிரி செய்ய முடியுமான்னு கேக்கறான். அவங்க உன்னை மாதிரியா?"

"எனக்கு அழிக்கத் தெரிஞ்சா நான் எதுக்குடி உன்னைக் கூப்பிடறேன்?"

எல்லோரும் சிரித்தோம். அம்மா மோர்க் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, சிரிப்பு அடங்காமலே சொன்னாள்:

"ஆமா, அழிக்கத் தெரிஞ்சவளுக்கு எதுக்கு உதவி?"

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. "வயசானவங்கம்மா. ஏதாவது தெரியாம அமுக்கியிருப்பாங்க" என்றாள். பிறகு ரசம் வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். பேச்சு வேறு பக்கம் போனது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் மடிக்கணினியோடு சன்னலோரம் உட்கார்ந்தாள். அழித்தாலும் தானாகத் திரும்பி வரும்படி ஒரு செயலியைச் செய்வது சுலபம் இல்லையாம். நடுவில் ஒருமுறை எழுந்து அறைக்குள் நடந்தாள், பேனா மூடியைக் கடித்தாள், "அட!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. முடித்துவிட்டு அவனுக்குப் பதில் எழுதினாள். கடைசி வரி: "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்."

அதற்குப் பிறகு அவன் எழுதவே இல்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்திருந்தது. ஒரு காலை, அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கு இடம் கொடுக்கும் விடுதி ஒன்றின் பொறுப்பாளர் எழுதியிருந்தார். அவர்களிடம் ஓவிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவனை விட்டு ஓடி, தோழி வீட்டில் ஒளிந்திருந்தார். அவருடைய கணினியில் அக்காவின் செயலி இருந்தது, எத்தனை முறை அழித்தும் திரும்பி வந்தது. அவர் யாருக்கு என்ன எழுதினார், எந்த விலாசத்தைத் தேடினார் என்பதையெல்லாம் கணவன் அதன் வழியாகத்தான் பார்த்திருக்கிறான். தோழியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். அவனைத் தடுத்தபோது ஆசிரியையின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இந்தச் செயலியை எப்படி முழுவதுமாக நீக்குவது என்று சொல்ல முடியுமா? இதுதான் கடிதம். கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

அக்கா ஆளில்லாத கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீக்கும் வழியை எழுதி அனுப்பினாள். பிறகு, கெட்டுப்போனதைப் பார்த்தால் எப்போதும் செய்வதையே செய்தாள். செயலியை இணையத்திலிருந்து எடுத்தாள். சந்தேகம் கேட்கும் பக்கத்தை எடுத்தாள். அவன் கேட்டது, இவள் சொன்னது, பழைய படிகள், சேமித்து வைத்திருந்த நகல்கள், எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தாள். மதியத்துக்குள் அந்தச் செயலி இருந்த சுவடே இல்லை.

மாலை, அவளோடு கல்லூரியில் படித்த தோழியிடம் போனோம். தோழி இப்போது வக்கீல். அவள் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. கட்டுக்கட்டாகக் கோப்புகள், அதற்கு நடுவே கவிழ்த்து வைத்த டீக்கோப்பைகள்.

"இனிமே யாராலயும் அதை எடுத்துப் போட முடியாது. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். சரிபண்ணிட்டேன்" என்றாள் அக்கா.

வக்கீல் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும். அவன் கேட்டது, நான் சொன்னது, எல்லாம்."

"அடிப்பாவி" என்றாள் வக்கீல், மெதுவாக. "நீ சரிபண்ணல. சாட்சியைக் கழுவித் தொடச்சுக் கவுத்து வச்சிருக்க. இதுவே தனியா ஒரு குற்றம், தெரியுமா?"

அக்காவுக்குத் தெரியாது. தவறான ஒன்றைத் தொடர்ந்து இருக்க விடுவதுதான் குற்றம் என்று அவள் நினைத்திருந்தாள்.

சில நாளில் மற்றதும் தெரிய வந்தது. கணவனைப் பிடித்திருந்தார்கள். அவன் வேறு கதை சொன்னான். செயலியை மனைவி தெரிந்துதான் வைத்திருந்தாள், அவள் 'வா' என்று அழுத்தித்தான் நான் பார்த்தேன் என்றான். அவன் முன்பே எடுத்து வைத்திருந்த அக்காவின் முன்பக்கத்தை அவனுடைய வக்கீல் அச்சடித்து நீட்டியிருந்தார். கேட்காமல் உள்ளே வராது, மறைந்து நின்று பார்க்காது. எழுதியவளே சொல்லியிருக்கிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும்? அதற்குப் பிறகு என்னென்ன மாற்றப்பட்டது, யார் கேட்டு மாற்றப்பட்டது என்பதெல்லாம் அந்தச் சந்தேகப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. இப்போது அது அக்காவின் தலைக்குள் மட்டும் இருந்தது.

விசாரணைக்கு வரச்சொல்லித் தகவல் வந்ததும் வக்கீல் எங்கள் வீட்டுக்கே வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் பேசத் தொடங்கினாள்.

"இங்க பாரு. 'கேட்டார், செஞ்சு கொடுத்தேன், வேற எதுவும் தோணல'ன்னு மட்டும் சொல்லு. கத்தி வித்த கடைக்காரிமேல யாரும் வழக்குப் போடறதில்ல. அழிச்சதுக்குப் பதட்டத்துல செஞ்சுட்டேன்னு சொல்லிக்கலாம். ஆனா தோணுச்சுன்னு சொன்னா கதையே வேற. தெரிஞ்சே உதவினவ ஆயிடுவ. கத்தியைத் தீட்டிக் கையில கொடுத்தவ."

"எதுவும் தோணலன்னு சொன்னா அவன் தப்பிச்சிருவானா?"

வக்கீல் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "தப்பிக்கலாம். முதல் ரெண்டு கேள்வியை அவனால சமாளிக்க முடியும். 'என் மனைவிக்கும் அந்தச் சிவப்பு பிடிக்கல'ன்னு சொல்லுவான். அவ அழிச்சு அழிச்சுப் பாத்தா, இவன் திரும்பத் திரும்பப் போட்டான் பாரு, அந்த மூணாவது கேள்விதான் அவன் கழுத்துக்கு வர்ற கயிறு."

"அப்ப அதைச் சொல்லிடறேன்."

"அந்தக் கயித்துக்கு இன்னொரு முனை இருக்குடி. 'அழிச்சது யாருன்னு நினைச்சீங்க?'ன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவ?"

சமையலறையில் குழாய் சொட்டியது. அக்கா எழுந்து போய் அதை இறுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

விசாரணை அறையில் அக்காவோடு வக்கீல் இருந்தாள். நான் ஓரத்து பெஞ்சில் உட்கார அனுமதித்தார்கள். அதிகாரி நடுவயதுக்காரர். இரண்டே விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடிப்பிடித்துத் தட்டச்சு செய்தார். முதல் இரண்டு கேள்விகளையும் பதில்களையும் அக்கா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். மூன்றாவதையும் சொன்னாள். மூன்று முறை அழிக்கப்பட்டது என்று அவன் தன் வாயாலேயே சொன்னதைச் சொன்னாள். அதிகாரியின் விரல் நின்றது.

"அழிச்சவங்க யாருன்னு நினைச்சீங்கம்மா?"

வக்கீல் மேசைக்கடியில் அக்காவின் முழங்காலைத் தொட்டது எனக்குத் தெரிந்தது.

"அவங்க அம்மா இல்லன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.

"எப்ப நினைச்சீங்க? இப்பவா?"

"அப்பவே சார். எங்கம்மா கேட்டாங்க. அழிக்கத் தெரிஞ்சவளுக்கு எதுக்கு உதவின்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. யாரோ ஒருத்தர் இது வேண்டாம்னு சொல்றாங்கன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சதுக்கப்புறம்?"

"செஞ்சு கொடுத்தேன்."

"ஏம்மா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். எப்போதும் போல, சரியான இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். "கஷ்டமான வேலை சார் அது. என்னால முடியுமான்னு பாக்கணும்னு இருந்துச்சு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் ஒரு பொண்ணு இந்த வேலையிலதான் இருக்கா. அதான் கேக்கறேன். இதை இப்படியே எழுதட்டுமா, இல்ல யோசிச்சுச் சொல்றீங்களா?"

"அப்படியே எழுதுங்க."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அந்த ஒரு வாக்கியம் முடிய நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது.

அந்த வாக்குமூலத்தால் கணவனின் கதை உடைந்தது. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அக்காவையும் வழக்கில் சேர்த்தார்கள். தானாக முன்வந்து சொன்னாள் என்பதைக் கணக்கில் எடுத்துச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனாலும் தீர்ப்பில் அவள் பெயர் இருக்கிறது. எந்த நிறுவனம் தேடினாலும் முதலில் வந்து நிற்கிறது. அலுவலகம் அவளை முன்பே அனுப்பிவிட்டிருந்தது. மேலாளர் நல்லவர். "உன்னை மாதிரி ஆள் கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டேதான் நுழைவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது ஒரு சின்ன நிறுவனத்துக்கு, மற்றவர்கள் செய்யும் கருவிகளுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கிறாள். ஒரு வரி மாறினாலும் அன்றைக்கே முன்பக்கத்தைத் திருத்தச் சொல்லி நிற்கிறாளாம். அங்கே அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நல்ல பெயராக இருக்காது.

ஓவிய ஆசிரியைக்கு அவள் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பலமுறை எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் நான்கே வரியாக்கி விடுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்தாள். சில நாள் கழித்து அவரே போன் செய்தார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள். தனியாகக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"படிச்சுக் காட்டினேன். பதில் எதுவும் எழுதல. கை இன்னும் முழுசா சரியாகல" என்றார் பொறுப்பாளர்.

"பரவாயில்லைங்க. பதில் எதிர்பார்க்கல."

"ஒண்ணு மட்டும் கேட்டாங்க. உங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு எனக்கே தெரியல."

"சொல்லுங்க."

"'ஒவ்வொரு தடவை அழிக்கும்போதும் யாருக்காவது இது தெரிஞ்சா நல்லாருக்குமேன்னு நினைச்சேன். உண்மையிலேயே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு, இல்ல?' அப்படின்னு கேட்டாங்க."

அக்கா, "ஆமாங்க" என்றாள். பொறுப்பாளர் போனை வைத்தார்.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்குடி. நான் வரச்சொல்லல. பாதி ஆய்வேடு அப்படியே நிக்குது. நீ கொஞ்சம் உள்ள வந்து பாரேன்."

"உள்ள வர்றதுக்கு இப்ப ஒண்ணும் இல்லம்மா. நீ பாத்து எனக்குச் சொல்லு."

"அதான் படிச்சா பயமா இருக்குன்றேன்ல."

"பரவாயில்ல, மெதுவாப் படி. நான் போனை வைக்க மாட்டேன்."

அம்மா முணுமுணுத்தாள், கண்ணாடியைத் தேடினாள், அது தலையிலேயே இருந்ததைக் கண்டுபிடித்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு பள்ளிப்பிள்ளைபோல் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ஏதோ வேண்டாத செயலி, எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்து ஏறியிருந்தது. எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று அக்கா சொன்னாள். அம்மா இரண்டு முறை தப்பான இடத்துக்குப் போய்த் திரும்பினாள். அக்கா ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை.

"'இதை நீக்கவா?'ன்னு கேக்குது. என்ன சொல்ல?"

"உனக்கு அது வேணுமாம்மா?"

"வேண்டாம்."

"அப்ப ஆமான்னு அழுத்து."

ஒரு சொடுக்கு கேட்டது. "போயிடுச்சு" என்றாள் அம்மா, நம்பாதவள்போல். "திரும்ப வராதே?"

அக்கா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வராது" என்றாள். "நீ வேண்டாம்னு சொல்லிட்டல்ல. வராதும்மா."